கார்டில் இருக்கும் தாத்தா

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுக்காரர்களும் சங்கு குளிப்பவர்களும் நெருக்கியடித்து வாழும் தெருக்களில், மொட்டைமாடிதான் வீட்டின் பெரிய சொத்து. அங்கே சோலார் தகடு ஏற்ற, மின்வாரிய அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் தரும்வரை காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வே கிடையாது. இணையத்தில் முறையாகப் பதிந்தால் ஏற்கப்பட்டதாகப் பொருள். 5 கிலோவாட் வரை, அந்த இணைப்புக்காக லைனைப் பலப்படுத்த நேர்ந்தால் அந்தச் செலவும் மின்வாரியத்துடையதே.

இதில் நாம் அமெரிக்காவுக்குப் பின்தங்கியவர்கள் அல்ல. அங்கே நகராட்சிதோறும் ஒரு படிவம், ஒரு கட்டணம், வாரக்கணக்கில் காத்திருப்பு. அதைக் குறைக்கத்தான் வரைபடத்தைக் கணினியே சரிபார்த்து உடனுக்குடன் அனுமதி தரும் ‘சோலார்ஆப்’ 2021-ல் வந்தது. கலிபோர்னியா 2022-ல் இதற்குச் சட்டமே போட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சரிபார்ப்பைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள். நாமோ முன்கூட்டிய சரிபார்ப்பையே விட்டுவிட்டோம்.

நம் இணையப் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் ‘சரி’ சொல்லிவிடும். சிக்கல் தொடங்குவது பெயரில். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பதாரர் பெயரும் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஈ.பி. கார்டை எடுத்துப் பாருங்கள். கட்டணம் கட்டுவது பேரன். கார்டில் இருப்பது காலமாகிப் பல ஆண்டுகளான தாத்தா. 2022 நவம்பரில் ஆதார் இணைப்பு தொடங்கியபோதே இந்தக் கூத்து வாரியத்துக்குத் தெரிந்திருக்கும். பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று கேட்பார்கள். சென்னையில் இருக்கும் சித்தப்பாவும் துபாயில் இருக்கும் அத்தையும் கையெழுத்துப் போடும்வரை, தகடு கடையிலேயே கிடக்கும்.

அடுத்தது மேற்பார்வை. கடலோரத்து உப்புக் காற்று, தரமில்லாத இரும்புக் கால்களை அரிக்காமல் விடாது. பிடிமானம் தளர்ந்த தகட்டைப் புயல் காற்று அடுத்த தெருவில் கொண்டுபோய் இறக்கும். தானாகக் கிடைக்கும் ஒப்புதலுக்கு நட்டு, போல்ட் தெரியாது. ஆகவே தகடு பொருத்திய பின் நடக்கும் ஆய்வு, ஃபோட்டோ எடுத்து அனுப்பும் சடங்காகிவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஓட்டை பேட்டரி. 2023 டிசம்பர் 17, 18-ஐத் தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக்கூட வழியில்லை. அப்போது மாடியில் சோலார் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விளக்கு எரிந்திருக்கும் என்று நினைத்தால் அது தப்பு. மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. குறை சொல்ல முடியாது. வெயில் அடித்தும் வீடு இருண்டு கிடக்காமல் இருக்க வேண்டுமானால், பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவை. பேட்டரிக்கு மத்திய அரசு தனி மானியம் எதுவும் தருவதில்லை.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் சிறு வீட்டுக்கு, பில்லைக் குறைப்பதற்காகச் சோலார் போடுவதில் பெரிய லாபம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திரேஸ்புரம் போன்ற இடங்களுக்குச் சோலாரின் அருமை தெரிவது புயல், வெள்ள நாட்களில்தான். அந்த நாட்களில் உதவாத அமைப்புக்கு மானியம் கொடுத்துவிட்டு, உதவும் பேட்டரியைக் கைவிடுவது என்ன கணக்கு?

மின்வாரியத்துக்கு நம் கோரிக்கை இரண்டு. சோலார் விண்ணப்பத்தோடு வரும் பெயர் மாற்ற மனுவையும் அதே இணையப் பக்கத்தில், நாள் கெடு வைத்து முடித்துக் கொடுங்கள். கடலோர மாவட்டங்களில் பேட்டரிக்கு மாநில அரசு ஓரளவாவது கைகொடுக்க வழி செய்யுங்கள். வாசகர்களே, சோலார் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: கரண்ட் போனால் இது ஓடுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.