வாழைப்பழமும் மருத்துவரும் போதுமா?



நான் பணியாற்றும் பள்ளியில் அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. குடும்ப தினத்தில் நிதி திரட்ட என்ன செய்யலாம் என்பதே அன்றைய பேச்சு. உணவுக் கடைகள், அதிர்ஷ்டக் குலுக்கு, கோலப் போட்டி என்று பட்டியல் நீண்டது. அப்பொழுது ஒரு தந்தை எழுந்து, தமக்குத் தெரிந்த ஒருவரிடம் வித்தை காட்டும் குரங்கு ஒன்று இருப்பதாகவும், அதை வரவழைத்தால் பிள்ளைகள் திரளாகக் கூடுவர் என்றும் சொன்னார். நான் தயங்குவதைக் கண்டு, "கவலை வேண்டாம் டீச்சர். தினமும் வாழைப்பழம், பால், ரொட்டி எல்லாம் கொடுக்கிறார். உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கொண்டு போகிறார். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்" என்றார்.

அவர் நல்ல மனிதர். பள்ளிக்காக வார இறுதிகளில் உழைப்பவர். ஆகையால் அவருடைய சொல்லை நான் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. நல்ல உணவும் மருத்துவமும் கிடைத்தால் வித்தைக் குரங்கு நலமாக வாழுமா என்ற கேள்விக்கு விடை தேடிப் படித்தேன். படித்தவற்றையும் என் முடிவையும் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் உணவு. பங்சாரில் வாழும் நமக்குக் குரங்கு புதிதல்ல. புக்கிட் காசிங் காட்டோரத்தில் நீண்ட வால் குரங்குகளைக் காணலாம். மலாய்க்காரர்கள் 'கெரா' என்று அழைக்கும் இனம் அது. காட்டில் இதன் முதன்மை உணவு பழமே என்றாலும் இலை, தளிர், பூ, பூச்சி ஆகியவற்றையும் தின்னும். கடலோரச் சதுப்புக் காடுகளில் நண்டு பிடித்துத் தின்பதால் இதற்கு 'நண்டுண்ணிக் குரங்கு' என்ற பெயரும் உண்டு. இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. காட்டுப் பழம் வேறு, சந்தைப் பழம் வேறு. மனிதன் தன் நாவுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பயிரிட்ட வாழையில் சர்க்கரை மிகுதி, நார் குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக் காட்சிசாலை இதே காரணத்திற்காக 2014-ஆம் ஆண்டில் தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் தருவதை நிறுத்தியது. காய்கறிகளையும் கீரைகளையும் கூட்டியது. குரங்கு என்றாலே வாழைப்பழம் என்று பாட நூலில் படம் போட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தீனியால் மனிதரைப் போலவே குரங்குக்கும் உடற்பருமனும் நீரிழிவும் வருகின்றன. பல் சொத்தையாகிறது. 2017-இல் பேங்காக்கில் மீட்கப்பட்ட ஒரு குரங்கைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகள் அன்போடு கொடுத்த நொறுக்குத் தீனியாலும் இனிப்புப் பானங்களாலும் அதன் எடை 15 கிலோவை எட்டியது. அவ்வினத்து ஆண் குரங்கின் இயல்பான எடையைப் போல் அது ஏறத்தாழ இரு மடங்கு. இறுதியில் அதற்குப் பத்திய உணவு கொடுத்து எடையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. நாய், பூனை, ஆடு, மாடு ஆகியவற்றின் உடல் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் அந்த ஆற்றல் இல்லை. பாலும் ரொட்டியும் மட்டும் தின்று வளரும் குரங்குக்கு ஈறு வீங்கிக் குருதி கசியும். வெயில் படாமல் கூண்டில் அடைபட்ட குட்டிக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு வளையும். ஆகவே நல்ல காட்சிசாலைகளில் குரங்குகளுக்கென்றே செய்யப்பட்ட சத்துருண்டையை அடிப்படையாக வைத்து, கீரை, காய், சிறிதளவு பழம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதையும் ஒரே தட்டில் கொட்டிவிடாமல் ஆங்காங்கே மறைத்தும் தூவியும் வைக்கிறார்கள். காட்டில் குரங்கின் பகற்பொழுதில் பெரும்பகுதி உணவு தேடுவதில் கழிகிறது. தேடும் வேலையும் அதற்கு உணவைப் போலவே தேவையாகிறது.

வித்தைக் குரங்கின் நிலை இதற்கு நேர்மாறானது. அதற்கு உணவு கூலியாகிவிடுகிறது. குட்டிக்கரணம் அடித்தால் ஒரு துண்டு, கும்பிடு போட்டால் ஒரு துண்டு. வயிறு நிறைந்த குரங்கு ஒரு துண்டுக்காக ஆடாது. எனவே ஆட்டம் தொடங்கும்வரை அதைப் பசியில் வைத்திருக்கும் ஆசை வருகிறது. கூட்டத்தினரும் தங்கள் பங்குக்கு மிட்டாயும் குளிர்பானமும் நீட்டுவார்கள்.

அடுத்து மருத்துவம். "டாக்டரிடம் கொண்டு போகிறார்" என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காய்ச்சல் கண்டபின் கொண்டுபோவது வேறு, நோய் வராமல் காப்பது வேறு. குரங்குக்கு முறையான மருத்துவக் கண்காணிப்பு என்றால் எடை குறித்தல், பல் பார்த்தல், மலத்தைச் சோதித்துக் குடற்புழு அறிதல், காசநோய்ச் சோதனை எல்லாம் அதில் அடங்கும். காசநோய்ச் சோதனையைப் பொதுவாகக் கண்ணிமையில் செய்கிறார்கள். மிகச் சிறிதளவு மருந்தை மேலிமையில் செலுத்தி, 3 நாள்வரை வீக்கம் காண்கிறதா என்று பார்ப்பார்கள். குரங்குக்குக் காசநோய் பெரும்பாலும் மனிதரிடமிருந்தே வருகிறது. ஆகவே வளர்ப்பவருக்கும் சோதனை வேண்டும். நாய், பூனை பார்க்கும் மருத்துவர் எல்லாருக்கும் குரங்கை மயக்கத்தில் ஆழ்த்திப் பரிசோதிக்கும் பயிற்சி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இது நம் பிள்ளைகளையும் தொடும் செய்தி. மிரண்ட குரங்கு கடிக்கும், பிறாண்டும். இக்குரங்கினங்களில் இயல்பாகவே காணப்படும் பி வைரஸ் குரங்குக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆனால் தொற்றினால் மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும். கடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் குரங்கின் கோரைப்பற்களைப் பிடுங்கிவிடுகிறார்கள் அல்லது அறுத்துவிடுகிறார்கள். அது மருத்துவமாகாது; கொடுமை.

சரி, ஒருவர் மேற்சொன்ன அனைத்தையும் குறைவின்றிச் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சத்துணவு, கீரை, மருத்துவர், சோதனை எல்லாம் உண்டு. அப்பொழுதாவது அக்குரங்கு நலமாக இருக்கிறது என்று சொல்லலாமா?

இவ்விடத்தில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உளவியல் வகுப்பில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலறிஞர் 1950-களில் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஆய்வு செய்தார். குட்டிக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியால் ஆனது. மற்றொன்று மெத்தென்ற துணி போர்த்தியது. பால் புட்டியைக் கம்பித் தாயிடம் வைத்தபோதும், குட்டி பசியாற மட்டும் அங்குச் சென்றது. மற்ற நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கிடந்தது. அரவணைப்பும் துணையும் அடியோடு இன்றித் தனிமையில் வளர்க்கப்பட்ட குட்டிகளோ ஓயாமல் ஆடிக்கொண்டும் தம்மைத் தாமே கடித்துக்கொண்டும் இருந்தன. வளர்ந்தபின் மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் தவித்தன. அந்த ஆய்வே கொடியது என்று பின்னர்ப் பலர் கண்டித்தனர். ஆயினும் அது உணர்த்திய உண்மையைக் குழந்தைகளைப் பற்றிய பாடமாகத்தான் நாம் படித்தோம். அது முதலில் குரங்கைப் பற்றிய பாடம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

வித்தைக்குப் பழக்கப்படும் குரங்கு பெரும்பாலும் குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. கூட்டமாக வாழ்ந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவு வளர்க்கும் உயிர் அது. அதன் கழுத்தில் சங்கிலியைப் பூட்டித் தனியே நிறுத்துகிறோம். நான்கு காலில் நடப்பதை இரண்டு காலில் நடக்க வைக்கிறோம். ஜாக்கர்த்தாவின் தெருக்களில் 'தோப்பேங் மோன்யெட்' என்ற முகமூடிக் குரங்காட்டம் நடந்துவந்தது. நிமிர்ந்து நிற்கப் பழக்குவதற்காகக் கைகளைப் பின்னால் கட்டிக் கழுத்துச் சங்கிலியால் தூக்கி நிறுத்தியதை அங்குள்ள விலங்குநல அமைப்பினர் வெளிக்கொணர்ந்தனர். 2013-இல் அந்நகர ஆளுநராக இருந்த ஜோக்கோ விடோடோ அவ்வாட்டத்தைத் தடை செய்ய நடவடிக்கை எடுத்தார். குரங்குகளை உரியவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி, நோய்ச் சோதனைக்கு உட்படுத்தி, ராகுனான் விலங்குக் காட்சிசாலையில் இடம் ஒதுக்கினார்கள். குரங்காட்டிகளுக்கு வேறு தொழில் பயிற்சி தரவும் முன்வந்தார்கள். பிழைப்பை மறந்து குரங்கை மட்டும் பேசினால் அது அரை நீதி. ஜாக்கர்த்தா இரண்டையும் எண்ணியது.

இந்தியாவில் 1998-இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கவும் காட்சிப்படுத்தவும் தடை விதித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்காடினார்கள். 2000-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001-இல் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தன. நம் பாட்டன்மார் பிறந்த ஊர்களில் உடுக்கையடித்துக்கொண்டு வந்த குரங்காட்டியின் காலம் சட்டப்படி அப்படி முடிந்தது.

நம் மலேசியாவிலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இக்குரங்குகள் பாதுகாக்கப்பட்ட இனம். உரிமம் இன்றி வைத்திருப்பதும் கொடுமைப்படுத்துவதும் குற்றம். 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் விலங்கு வளர்ப்போரின் கடமைகளைக் கூறும்போது, தகுந்த உணவையும் நோயிலிருந்து காப்பதையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. தகுந்த இருப்பிடம், இயல்பான நடத்தைக்கு இடம், இனத்தோடு சேர்ந்தோ தேவைப்பட்டால் பிரிந்தோ வாழும் நிலை ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தத் தந்தை சொன்ன பழமும் டாக்டரும் இந்த ஐந்தில் இரண்டைத்தான் தொடுகின்றன. எஞ்சிய மூன்றையும் சங்கிலியின் நுனியில் நின்றுகொண்டு எந்தக் குரங்காலும் பெற முடியாது.

ஆகையால் என் கருத்து இது:

1. ஏற்கெனவே மனிதர் கையில் இருக்கும் குரங்குக்கு நல்ல உணவும் முறையான மருத்துவமும் கட்டாயம் வேண்டும். அதைக் காட்டில் விட்டுவிடுவது தீர்வாகாது. தனியே வளர்ந்த குரங்கு அங்குப் பிழைப்பது அரிது. வனவிலங்குத் துறையிடம் சொல்லி, மற்றக் குரங்குகளோடு வாழும் இடத்திற்கு மாற்ற முயல வேண்டும்.

2. அந்த உணவையும் மருத்துவத்தையும் காட்டி வித்தையை நியாயப்படுத்தக் கூடாது.

3. பள்ளி வளாகத்தில் விலங்கு வித்தை வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை நெகாரா விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துச் செல்வோம். அங்குக் குரங்குகள் என்ன தின்கின்றன, யாரோடு அமர்கின்றன என்று ஒரு மணி நேரம் குறிப்பெடுக்கச் சொல்வோம். அறிவியலுக்கும் ஆகும், கட்டுரைக்கும் ஆகும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைப் பத்துமலைக்கு அழைத்துச் சென்றபோது, படிக்கட்டில் ஒரு குரங்கு என் மாணவன் கையிலிருந்த இனிப்புப் பானப் பொட்டலத்தைப் பறித்து, மூலையைக் கடித்து உறிஞ்சியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன், படம்கூடப் பிடித்தேன். சங்கிலி இல்லை என்பதைத் தவிர, அதுவும் ஒரு வித்தைதான். பிள்ளைகள் அன்று என்னிடம் கற்றது என்ன என்று இப்பொழுது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் என்ன ஆகும் என்று பழமொழி சொல்லித் தருகிறோம். மனிதன் கையில் கிடைத்த குரங்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அடுத்த கூட்டத்தில் இக்கருத்தை அந்தத் தந்தையின் முன்னிலையிலேயே பணிவோடு சொல்ல இருக்கிறேன். குரங்காட்டம் இல்லாததால் குடும்ப தினத்தில் சில நூறு ரிங்கிட் குறையக்கூடும். அதை ஈடுகட்ட என் வகுப்பின் சார்பில் ஒரு பலகாரக் கடை போடுவதாக இப்பொழுதே உறுதி கூறுகிறேன். முறுக்கு சுட வரும் தாய்மார்கள் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை