'3' என்றால் எங்கும் 3 ஆகவே இருக்கட்டும்

2017 மே 12ஆம் தேதி உலகெங்கும் பரவத் தொடங்கிய 'வான்னகிரை' என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல், மறுநாளே சிங்கப்பூரின் தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியின் மின்திரை வழிகாட்டிப் பலகைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் சேதம் பெரிதாகவில்லை. பிரிட்டனிலோ மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அந்த நிரல் நுழைந்த வழி, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு; 1980களின் சரக்கு. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. முதல் பதிப்பை அடியோடு நிறுத்திவிடுங்கள் என்று அதன் பொறியாளர்கள் 2016லேயே கேட்டுக்கொண்டார்கள். அப்படியும் அது பல இடங்களில் திறந்தே கிடந்ததற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. மூட நினைப்பவரையும் குழப்பும் விதத்தில் கருவிகள் அமைந்திருப்பதும் ஒரு காரணம் என்பேன்.

சின்ன அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சில விண்டோஸ் கணினிகள், கோப்புகளைச் சேர்த்துவைக்கும் ஒரு 'நாஸ்' பெட்டி, ஒரு லினக்ஸ் கணினி, ஸ்கேன் செய்த தாளை நேரே கோப்புறைக்கு அனுப்பும் ஒரு நகல் இயந்திரம். பல நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது, எஸ்எம்பி நெறிமுறையில் பேசும் சம்பா மென்பொருள். எந்த எஸ்எம்பி பதிப்புக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைச் சம்பாவின் அமைவுக் கோப்பில் எழுதலாம். ஆனால் லினக்ஸ் கணினியில் அதே கோப்பில் எழுதிவைத்தாலும், தொலைவிலுள்ள கோப்புறையை இணைக்கும் 'மவுண்ட்' கட்டளை அதைத் திரும்பியும் பார்க்காது. அதற்குத் தனி அமைவு உண்டு. அங்கே '3' என்று போட்டால் 3.0 முதல் அதற்கு மேற்பட்ட எதுவும் சரி, '3.0' என்று போட்டால் அந்த ஒரு பதிப்பு மட்டும். சம்பாவிலோ 'எஸ்எம்பி3' என்று குறைந்தபட்சம் வைத்தால் அது 3.1.1 என்று பொருள்படும். ஒரே எண்ணுக்கு மூன்று பொருள். இயல்பாக வரும் அமைவும் ஒன்றாக நகரவில்லை. 'மவுண்ட்' கட்டளைக்கு அடியில் இயங்கும் லினக்ஸ் கருநிரல் 2017 செப்டம்பரில் 4.13ஆம் வெளியீட்டிலேயே பழைய பதிப்பிலிருந்து விலகியது; சம்பா 2019 செப்டம்பரில்தான், 4.11இல், விலகியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஒரே கணினி ஒரு பக்கம் பழையதைத் தவிர்த்து, மறுபக்கம் அதையே வரவேற்றுக்கொண்டிருக்க முடிந்தது.

இரு கணினிகளும் தாமாகப் பேசி, இரண்டுக்கும் தெரிந்த உயர்ந்த பதிப்பைத்தானே எடுத்துக்கொள்கின்றன, பிறகு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். நம் கணினிகள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது இங்கே கேள்வியே அல்ல. தாக்க வருபவன் பழைய பதிப்பில் பேசத் தொடங்கும்போது சர்வர் பதில் சொல்கிறதா என்பதே கேள்வி. திருத்தம் போடாத விண்டோஸ் கணினிகளில் வான்னகிரைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. நகல் இயந்திரம் பற்றிய ஆட்சேபம் இதைவிட நியாயமானது: பழைய பதிப்பு மட்டுமே அறிந்த இயந்திரத்தை, நன்றாக ஓடும்போது எந்தச் சிறு முதலாளி தூக்கிப்போடுவார்? போட வேண்டாம். அந்த ஒன்றுக்கு மட்டும் தனிப் பெட்டியும் தனி வலையமைப்பும் ஒதுக்கலாம். ஆனால் மற்ற எல்லா இடத்திலும் பழைய பதிப்பு உண்மையிலேயே மூடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் உண்டு. அந்த உறுதியைத்தான் இன்றைய கருவிகள் எளிதில் தருவதில்லை.

இந்தக் கருவிகளை உருவாக்குவோர் வெவ்வேறு குழுவினர், பதிப்புகளைக் குறிக்கும் பெயரை மாற்றினால் ஆண்டுக்கணக்காக ஓடும் நிரல்கள் உடைந்துபோகும் என்பார்கள். உண்மைதான். அதனால் பழைய பெயர்களை நீக்கச் சொல்லவில்லை. எல்லாக் கருவிகளும் ஏற்கும் பொதுப் பெயர்களைக் கூடுதலாகச் சேர்க்கட்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம், இது மட்டும் என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லட்டும். இப்போது எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை ஒரே சொற்களில் காட்டட்டும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் தொடங்கிய 'சைபர் எசென்ஷியல்ஸ்' சான்றிதழ், சிறு நிறுவனங்களிடமும் பாதுகாப்பான அமைவுகளை எதிர்பார்க்கிறது. அதற்காக உழைக்கும் கணக்கரும் மருந்தக எழுத்தரும் மூன்று கையேடுகளைப் புரட்டும் நிலை இருக்கக்கூடாது. நாஸ் பெட்டியை விற்பவர், அதன் குறைந்தபட்சப் பதிப்பை ரசீதிலேயே எழுதித் தரலாம். அதற்கு எந்த மென்பொருள் குழுவின் சம்மதமும் தேவையில்லை.