காற்புள்ளிக்குக் கால் உண்டா?

மதுரையில் எங்கள் கல்லூரி முதலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'கால் முளைத்த புள்ளி காற்புள்ளி' என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. சுழிக்கப் போன கை நின்றுவிட்டது. 'கா'வில் வரும் துணையெழுத்தைக் கால் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே! கீழே நீண்டிருக்கும் அக்குறியைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

ஸ்பானிய மொழியில் அவளுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். அங்கே இப்பெயர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்பவை. நம் முக்காற்புள்ளி அவர்களுக்கு 'தோஸ் புந்தோஸ்', அதாவது இரண்டு புள்ளிகள். அரைப்புள்ளி 'புந்தோ இ கோமா', புள்ளியும் கமாவும். தடித்த எழுத்தின் பெயர் கறுப்பிலிருந்து வந்த 'நெக்ரீத்தா'. எழுத்துவகையில் நாமும் கண்ணைத்தான் நம்பினோம்: தடித்த எழுத்து, சாய்வெழுத்து.

நிறுத்தக்குறிகளின் தமிழ்ப் பெயர்களோ காதுக்குரியவை. கால், அரை, முக்கால், முற்று என்பன நிறுத்தும் நேரத்தின் அளவுகள். குறிகள் மேற்கிலிருந்து வந்தவை; 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோரின் உரைநடையால் இங்கே வேரூன்றியவை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணி நிறுத்தும் வழக்கமும் ஆங்கிலப் பள்ளி இலக்கணங்களில் இருந்ததுதான். ஆயினும் தமிழ் கற்றவருக்கு அது அயலாகப் பட்டிருக்காது. ஒரு மாத்திரையாகிய விரல் நொடிப்பையே நான்காகப் பகுத்தவர்கள் நம் இலக்கணிகள்: நொடிக்க நினைத்தல் கால், விரலை ஊன்றுதல் அரை, முறுக்குதல் முக்கால், விடுத்தல் ஒன்று.

இன்று வகுப்பில் 'கமா', 'ஃபுல்ஸ்டாப்' என்றே சொல்கிறோம், நானும் விலக்கல்ல. பெயர் போனால் போகட்டும் என்று விட மனம் வரவில்லை, அளவும் கூடவே போய்விடுகிறது. 'நேற்று வந்த பையனின் அண்ணன்' என்றால் வந்தவன் பையனா, அண்ணனா? 'நேற்று வந்த, பையனின் அண்ணன்' என்று சற்றே நிறுத்தினால் வழக்கு தீர்ந்தது. ஓலைச்சுவடிகளில் இந்த உதவி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். நிறுத்துமிடம் ஆசிரியரின் குரலில் இருந்தது. கேட்டுப் படிக்கும் முறை அருகிவிட்ட காலத்தில் குறியும் வெறும் அலங்காரமாகிவிட்டால் என்ன செய்வது? எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளில் வியப்புக்குறிகள் மும்மூன்றாக நிற்கின்றன. காற்புள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அம்மாணவிக்கு அரை மதிப்பெண் போட்டேன். மறுநாள் வகுப்பில் ஒரு பத்தியைக் குறிகளுக்கேற்ப நிறுத்தி, வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். முதல் அரைப்புள்ளி வந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஐயா, இதுக்கும் நிறுத்தணுமா?"