சங்கின் பிறப்பை அறிவோமா?

திருப்பதியில் சங்கை வணங்காத கைகள் குறைவு. ஆனால் அச்சங்கு ஓர் உயிர் கட்டிய வீடு. அவ்வுயிர் பிறப்பது எப்படி என்று கேட்டவர் எத்தனை பேர்?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போரின் குறை ஒன்றுண்டு: "நத்தை நன்றாய் வாழ்கிறது, குஞ்சைத்தான் காணோம்!" இதில் வியப்பென்ன? டர்போ போன்ற நத்தைகள் முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடுகின்றன. பிறக்கும் இளவுயிர் மிக நுண்ணியது. நீரில் நீந்தித் திரிவது. தொட்டியின் பம்பும் வடிகட்டியும் அதை விட்டுவைக்குமா?

சங்கின் வழி வேறு. ஆட்டுக்கடாவின் கொம்பு போல் முறுக்கிய, அறை அறையான முட்டைக்கூட்டைத் தாய்ச்சங்கு மணலில் ஊன்றுகிறது. கூட்டினுள்ளேயே வளர்ந்து, ஓட்டோடு வெளிவரும் குஞ்சு ஊர்ந்து செல்லும். நீந்தும் பருவம் அதற்கில்லை. சங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இலேயே தனிநூல் வெளியிட்டார். நாமோ இன்னும் ஊதுவதோடு நிற்கிறோம்!

குஞ்சு மிதந்து செல்லாது என்பது சிறு செய்தியன்று. மன்னார் வளைகுடாவில் ஒரு சங்குப் படுகை வெறுமையானால், அதை நிரப்ப அலை குஞ்சுகளைக் கொண்டுவராது. எஞ்சிய தாய்கள்தாம் மெல்ல நிரப்ப வேண்டும்.

சித்தூரில் கடலில்லை என்று ஒதுங்கவும் இனி வழியில்லை. 2022-இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் கடற்கரையும் உண்டு. தமிழ்க் கடலோரத்தை விட்டு இங்கே படிக்க வந்த நமக்கோ கடமை இரட்டிப்பு.

ஆகவே, வளராத சிறு சங்கை விலைக்கு வாங்காதிருப்போம். அது ஒரு முறையேனும் தாயாகட்டும். சங்கைப் போற்றுவோர் அதன் தொட்டிலையும் போற்ற வேண்டாமா?