நகல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது?

2021 மார்ச் 10. நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்தது. ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான ஓ.வி.ஹெச். கிளவுடின் கட்டடம் அது. யாருக்கும் காயமில்லை. ஆனால், பொழுது விடிந்தபோது கட்டடம் முழுக்க நாசம். லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கிக் கிடந்தன.

வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். மற்றவர்களால் முடியவில்லை. 'ரஸ்ட்' என்ற வீடியோ கேமை நடத்தும் நிறுவனம் 25 சர்வர்களை இழந்தது. அவற்றிலிருந்த தகவல்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. பேக்கப்புக்கெனத் தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் கதை இன்னும் கொடுமை. அந்த பேக்கப்பும் எரிந்த அதே கட்டடத்தில்தான் இருந்தது! விவகாரம் நீதிமன்றம் போய், 2023-ல் இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. பணம் வரலாம். அழிந்த கணக்கு வழக்கு வராதே!

ஆர்டர், பில், ஸ்டாக், வாடிக்கையாளர் பட்டியல் என ஒரு வியாபாரத்தின் உயிர்நாடியே இன்று சர்வரில்தான் இருக்கிறது. ஆனாலும், ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலில் பார்ப்பது மாத வாடகையைத்தான். கையெழுத்துப் போடும் முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு.

பேக்கப் எங்கே?
'பேக்கப் உண்டு சார்' என்ற பதில் போதாது. எந்த ஊர், எந்தக் கட்டடம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நகல் எடுக்கப்படும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலுவலகம், சர்வர், நகல் மூன்றும் ஒரே பகுதியில் இருந்தால், ஒரே மழை மூன்றையும் முடக்கிவிடும்.

கரன்ட் போனால்? தீப்பிடித்தால்?
மின் இணைப்பு இரண்டு வழிகளில் வருகிறதா, ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருப்பு என்று விசாரிக்க வேண்டும். தானியங்கித் தீயணைப்பு வசதியும் அவசியம். ஸ்ட்ராஸ்பர்க் கட்டடத்தில் அது இல்லை.

99.9 சதவிகிதம் என்றால்?
'எங்கள் சர்வர் 99.9 சதவிகித நேரம் இயங்கும்' என்று விளம்பரம் சொல்லும். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோகலாம் என்பதே அதன் அர்த்தம். 99.5 என்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள்! அதையும் தாண்டினால், பெரும்பாலும் வாடகையில்தான் கொஞ்சம் கழிப்பார்கள். தீபாவளி சமயத்தில் கைவிட்டுப்போன வியாபாரத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விலக நினைத்தால்?
தகவல்களை எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்ததோடு வேலை முடியவில்லை. வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நேற்றைய பில் அதில் இருக்கிறதா, மறுபடி கடையைத் திறக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.