அன்னியராய் அல்ல, அயலவராய்

(எரேமியா 29:4-7, லூக்கா 18:9-14)



சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கு அண்மையில் மரியாஸ்ரைன் என்னும் திருத்தலம் உள்ளது. பாறைக் குகையினுள் அமைந்த சிற்றாலயத்தில் அன்னை மரியாள் அங்கே வணங்கப்படுகின்றார். 1980களிலிருந்து அகதிகளாக அந்நாட்டிற்குச் சென்ற எம்மவர் பலர் அங்கு யாத்திரை செல்கின்றனர். கத்தோலிக்கரோடு சைவ சகோதரரும் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகின்றனர். மடுத் திருப்பதியில் நாம் கண்டு பழகிய காட்சியே அது.

அவர்தம் பிள்ளைகளோ அந்நாட்டின் மொழியில் கற்று, அந்நாட்டுப் பிரசாவுரிமையும் பெறுகின்றனர். "எங்கள் பிள்ளைகள் தமிழரா, சுவிஸ்காரரா?" என்று பெற்றோர் கலங்குகின்றனர். ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பெறலாம் என்பதா இதற்கு விடை?

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா மடல் எழுதினார். அங்கே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டங்கள் அமைக்கவும், அந்நகரின் நலனுக்காக மன்றாடவும் பணித்தார். தங்கள் இறைவனை மறந்துவிடும்படி அவர் கூறவில்லை. பெந்தகோஸ்து நாளிலும் கூடியிருந்தோர் தத்தம் தாய்மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர். புகுந்த நாட்டோடு இணைவது என்பது தன் பண்பாட்டை அழித்துக்கொள்வதன்று என்பதையே திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 2005ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் தினச் செய்தியில் வலியுறுத்தினார்.

ஆயினும் நமக்கு ஒரு சோதனை உண்டு. 2009 நவம்பர் 29ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. பள்ளிவாசல்களுக்குப் புதிய மினாராக்கள் கட்டுவதைத் தடைசெய்ய வாக்களித்தோரில் 57.5 வீதமானோர் இணங்கினர். அன்று நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கு மட்டுமே. அத்தடை இன்றும் அந்நாட்டு அரசியலமைப்பில் உள்ளது.

வந்தோர் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், மொழியைக் கற்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அவர்களது அச்சத்தை எள்ளி நகையாடுவதும் தகாது. ஆனால் ஒரு மதத்தாருக்கு மட்டும் விதிக்கப்படும் தடை நீதியாகுமா? ஆலய மணிக்கோபுரம் அந்நாட்டிற்கு உரியதென்றும் மினாரா அன்னியமானதென்றும் கூறுவது கிறிஸ்தவருக்கு இலகு. அந்த இலகுவான வழியை சுவிஸ் ஆயர்கள் நாடவில்லை. வாக்கெடுப்பிற்கு முன்னரே அவர்கள் அத்தடையை எதிர்த்தனர்.

"நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்ல; உழைப்பாளிகள், அமைதியானவர்கள்" என்று கூறி நமக்கு மட்டும் இடம் தேடிக்கொள்ளும் எண்ணம் நம்மவர்க்கும் எழலாம். அது ஆலயத்தில் நின்ற பரிசேயனின் செபமன்றோ? நேற்று அடைக்கலம் பெற்றவர், இன்று அயலவருக்குக் கதவடைக்க உடன்படலாமா?

அதே நாட்டின் பேர்ண் நகரில் 2014இல் மதங்களின் இல்லம் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் கிறிஸ்தவ ஆலயமும், பள்ளிவாசலும், பௌத்த நிலையமும், எம்மவரின் சைவக் கோவிலும் உள்ளன. எவரும் தம் விசுவாசத்தை வாசலில் விட்டுச் செல்வதில்லை.

வெளிநாட்டிலுள்ள உறவினரோடு பேசும்போது, "பிள்ளை தமிழ் பேசுகின்றதா?" என்று கேட்கின்றோம். கேட்கவேண்டிய கேள்விதான். அத்துடன், "பக்கத்து வீட்டாரைத் தெரியுமா?" என்றும் கேட்போம். அதே கேள்வியை, பல இனத்தவரும் மதத்தவரும் வாழும் நம் ஊரில், நம்மிடமும் கேட்டுக்கொள்வோம்.

எகிப்தில் அகதியாய் வாழ்ந்த திருக்குடும்பம் நமக்குத் துணைநிற்பதாக.