இரண்டாவது வருகையும் கணக்கில் சேரவேண்டும்

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் பொருட்டுத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்கள் 275 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். அவற்றுள் 133 தொகுதிகளில் பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் மார்பகங்களைக் கையால் தொட்டுப் பரிசோதித்தனர். ஏனையவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்டன. முதற் சுற்றைப் பற்றி 2011இல் வெளியான அறிக்கையின்படி, இப்பரிசோதனைக்கு உடன்பட்டவர்கள் 50,366 பேர்.

நாணத்தினால் நம் பெண்கள் இத்தகைய பரிசோதனைக்கு இணங்கமாட்டார்கள் என்று சொல்வது நெடுநாளைய வழக்கம். திருவனந்தபுரத்து அனுபவத்துக்குப் பின் அவ்வாதம் நில்லாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களுள் என்றேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று காணப்பட்டது உண்மையே. ஆயினும், மறுத்தவர்களைவிட, அழைப்பே பெறாதவர்கள்தாம் இவர்களுள் மிகுதி எனக் கருத இடமுண்டு. நன்கு பயின்ற ஒரு பெண் வந்து, காரணத்தைச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலோர் இசைகின்றனர்.

இடர்ப்பாடு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. அறிக்கைகளில் ‘பங்கேற்பு’ என்ற சொல் தாராளமாக வழங்குகிறது. பரிசோதனைக்கு உடன்பட்ட அந்த ஒரு நாளோடு அச்சொல்லின் பொருள் முடிந்துவிடுகிறது. இதனால் விளையும் கேட்டை உணர்த்த, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் 1995இல் தொடங்கிய ஆராய்ச்சியைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்கே 1,51,168 பெண்களை அணுகியதில் 1,38,392 பேர் பரிசோதனைக்கு உடன்பட்டனர். கட்டி இருக்கலாம் எனக் கருதி மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் 3,479 பேர். அவர்களுள் அதனை முடித்துக்கொண்டவர்கள் 1,220 பேரே! வீடு தேடிச் சென்று வேண்டியும் நூற்றுக்கு 42 பேர் மறுத்துவிட்டனர். மற்றும் பலரைக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. முதற் சுற்றோடு அப்பரிசோதனைப் பணி கைவிடப்பட்டது. முதல் நாளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அது மாபெரும் வெற்றியாகவே தோன்றியிருக்கும்.

மறுத்த பெண்களை அறியாமையுடையவர்கள் என்று தள்ளிவிடுவது எளிது, அது முறையன்று. ‘கட்டி இருப்பதுபோல் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்ற சொற்களைக் கேட்கும் பெண்ணுக்கு அவை நோயின் தீர்ப்பாகவே ஒலிக்கின்றன. உண்மை அவ்வாறில்லை. திருவனந்தபுரத்தில் மேற்பரிசோதனை தேவை எனக் குறிக்கப்பட்டவர்கள் 2,880 பேர். அவர்களுள் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 30 பேர். அதாவது, ஏறக்குறைய நூற்றில் ஒருவர். இந்தக் கணக்கை முதல் வருகையிலேயே, பரிசோதனை தொடங்குமுன்பே, ஊழியர் சொல்லிவிட வேண்டும். சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவதும் விடத்தக்கது. அதைத் தமிழில் ‘நேர்மறை’ என்று பெயர்த்தால் குழப்பம் இரட்டிக்குமேயன்றிக் குறையாது. ‘மறுபரிசோதனைக்கு உரியவர்’ என்று எழுதினால் போதும்; அதுவே மெய்யுமாகும்.

நூற்றில் ஒருவருக்குத்தானே என்று இருந்துவிடவும் கூடாது. பரிசோதனை நடைபெற்ற தொகுதிகளில், ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட புற்றுநோய் இலட்சம் பெண்களுக்கு 18.8 ஆகவும், மற்றத் தொகுதிகளில் 8.1 ஆகவும் இருந்தது. மும்பையில் 1998இல் தொடங்கிய இதுபோன்ற ஆராய்ச்சியின் இருபதாண்டு முடிவுகள் 2021இல் வெளிவந்தன. 50 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைந்ததென அவை காட்டின. அதனினும் இளையவர்களிடையே அத்தகைய குறைவு காணப்படவில்லை. இப்பயன் மருத்துவமனைவரை சென்று, நோய் உறுதியாகி, சிகிச்சை பெறுபவர்களுக்கே கிட்டக்கூடியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எனவே ஊழியரின் பதிவேட்டில் ‘பரிசோதிக்கப்பட்டவர்’ என்ற பத்திக்கு அடுத்து, ‘மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தவர்’ என்ற பத்தியும் இருத்தல் வேண்டும். மேலதிகாரிகள் முதலில் கேட்கவேண்டியதும் அதனையே. இப்போது பாராட்டுப் பெறுவது முதற் பத்தியின் எண்ணிக்கையே. கூலி வேலைக்குச் செல்பவளுக்கு ஒருநாள் ஊதியம் போகிறது. பஸ் கட்டணம் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கணவனுக்கோ மாமியாருக்கோ விடை சொல்லவேண்டும். மறுபரிசோதனைக்குரிய நான்கைந்து பெண்களை ஒரே நாளில் சேர்த்து, ஊழியரும் உடன் சென்றால், இவற்றுள் பாதி நீங்கும். அவர் அவ்வாறு செலவிடும் நாளை வேலைநாளாக ஏற்கும் உத்தரவும் தேவை. ஆசிரியர்கள், பெற்றோர் கூட்டத்தில் தந்தையரும் இருக்கும்போதே இதனைப் பேசலாம். தாய்மாரிடம் மட்டும் தனியே சொல்லி அனுப்புவதைவிட அது நன்று.

கட்டி இல்லை எனச் சொல்லி அனுப்பப்படும் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியுள்ளது. திருவனந்தபுரத்தில் புற்றுநோய் உடையவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரையே கைப்பரிசோதனை இனங்கண்டது. 2016இல் மத்திய அரசு வகுத்த திட்டம் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்கிறது. இடையில் கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் இரத்தக் கசிவோ தோன்றினால், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே வரவேண்டும் என்பதையும் அதே ஊழியர் அன்றே கூறிவிட வேண்டும்.